அக்கரைக்கு நடந்தவர்கள்: பாளையங்கோட்டை முதல் நெல்லை டவுன் வரை

கொஞ்ச நாளாகவே நேயர்கள் பலர் ஒரே கேள்வியை அனுப்புறீங்க. “திருநெல்வேலிக்கு வந்தா ஒரே நாள்ல நடந்தே பார்க்கிற மாதிரி ஒரு வழி சொல்லுங்க” என்று. சொல்றேன். ஆனா எட்டயபுரத்துக்காரன் ஆத்தங்கரை ஊருக்கு வழி சொல்றதான்னு நெல்லைக்காரங்க கேட்பாங்க. நியாயம்தான். எங்க ஊர்ல ஆறு கிடையாது. கரிசல் மண்ணும் கண்மாயும்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் உளுந்தும் கம்பும் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. பக்கத்தில் இருக்கிற கோவில்பட்டிக்கே குடிதண்ணீர் தாமிரபரணியிலிருந்து, சீவலப்பேரியில் எடுத்து, குழாயில் வருகிறது. ஆற்றைக் குழாய் வழியாகவே பார்த்து வளர்ந்தவர்களுக்கு நிஜ ஆற்றின் மேல் ஒரு தனி மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் இந்த எபிசோடு.

எங்க ஊரிலிருந்து 1894இல் ஒரு பையன் படிப்புக்காக நெல்லைக்குப் போனான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டுகூட நிறையவில்லை. இந்துக் கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தான், 1897 வரை அங்கே இருந்தான். பின்னாளில் நாம் பாரதியார் என்று சொல்லும் ஆள்தான். அவர் உட்கார்ந்த வகுப்பறை என்று இன்றும் பள்ளியில் காட்டுகிறார்கள். நெல்லை நடை என்றால் பெரும்பாலானவர்கள் இந்தப் பள்ளி, நெல்லையப்பர் கோயில், கடைசியில் சாயங்காலம் இருட்டுக்கடை அல்வா என்று முடித்துவிடுவார்கள். அல்வா மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. ஆனால் நான் சொல்லும் வழி ஆற்றுக்குக் கிழக்கே, பாளையங்கோட்டையில் தொடங்குகிறது. கோட்டை வாசலிலிருந்து முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, பாலம், ஜங்ஷன், டவுன். மொத்தம் ஆறேழு கிலோமீட்டர். வெயிலுக்கு முன் கிளம்பினால் காலை பலகாரத்துக்கு டவுனில் இருக்கலாம்.

ஏன் அங்கிருந்து தொடங்கணும்? இந்த வழியில் பார்க்க வேண்டியவை கட்டடங்கள் மட்டும் இல்லை. யார் யார் இந்த வழியாக நடந்தார்கள், யாரை நடக்க விட்டார்கள், யாரை விடவில்லை என்பதுதான் இந்த ஊரின் சரித்திரம் என்று எனக்குப் படுகிறது. அதை வரிசையாகப் பார்க்க கிழக்கிலிருந்து மேற்கே போவதுதான் வசதி.

பாளையங்கோட்டையில் கோட்டை என்று இன்று பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. மதில் போய்விட்டது, வாசல் பகுதிகள்தான் நிற்கின்றன. கட்டபொம்மனைக் கயத்தாறில் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட பிறகு, தம்பி ஊமைத்துரையை இந்தக் கோட்டையில்தான் அடைத்து வைத்தார்கள். 1801 பிப்ரவரி 2 அன்று அவரும் கூட்டாளிகளும் தப்பினார்கள். அன்று மாலை கம்பெனி அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த விருந்தில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பிற்பாடு இதைப் புத்தகமாகவே எழுதி வைத்தார். விறகு விற்க வந்தவர்கள் மாதிரி ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள் என்பது நம் பக்கத்தில் சொல்லும் கதை. வெளியே வந்தவர்கள் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், இடித்துப் போட்ட கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பினார்கள். அதைப் பிடிக்க கம்பெனிக்கு மே மாதம் வரை ஆனது.

இந்த இடத்தில் நான் எந்த ஊர் என்று சொன்னால் கூட்டத்தில் ஒருவராவது சிரிப்பார். “எட்டப்பன் ஊரா?” அந்தச் சிரிப்பு எங்க ஊர்க்காரங்களுக்குப் பழகிப்போச்சு. எட்டயபுரம் பாளையம் கம்பெனி பக்கம் நின்றது உண்மை. அதற்காக அந்த ஊரில் பிறந்த எல்லோரையும் இருநூறு வருஷமாகக் கூண்டில் ஏற்றுவது என்ன கணக்கோ தெரியவில்லை. எங்க ஊர் ஜமீனைப் பற்றிக் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கு. அதுக்குக் கொஞ்ச நேரத்தில் வர்றேன்.

கோட்டையை விட்டு வந்தால் குளோரிந்தாவின் கோயில். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பிராமண விதவை. 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்று, இங்கே 1785இல் ஒரு சிறு தேவாலயம் உருவாகக் காரணமாக இருந்தவர். ஊர் மக்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே சொன்னார்கள். அப்புறம் 1826இல் ரேனியஸ் காலத்து தூய திரித்துவ ஆலயம். அதன் கோபுரத்தால் ஊசிக்கோபுரம் என்று பெயர். பள்ளிகளும் கல்லூரிகளும் நெருக்கமாக இருக்கிற பகுதி இது. பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் இங்கே நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. காலையில் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு பிள்ளைகள் போவதைப் பார்க்கலாம். நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, எங்கே பைக்கை நிறுத்தி மறித்திருக்கிறார்கள் என்று அவர்களைக் கேட்டால் துல்லியமாகச் சொல்வார்கள். பாரம்பரிய நடைக்குப் பலகை வைக்க யோசிப்பவர்கள் முதலில் அந்தப் பிள்ளைகளிடம் போய்ப் பேசலாம்.

முருகன்குறிச்சி தாண்டி வண்ணார்பேட்டை. புதுமைப்பித்தன் வாழ்ந்த பகுதி. அவரும் ஆற்றைத் தாண்டித்தான் இந்துக் கல்லூரிக்குப் படிக்கப் போனார். இதோ, ஆறு வந்துட்டது.

இங்கே கொஞ்சம் நிற்போம். இன்று பாலத்தில் வண்டிச் சத்தத்தில் ஆறு ஓடுவதே கேட்காது. 1843க்கு முன் இங்கே பாலம் கிடையாது. கிழக்கே பாளையங்கோட்டையில் பட்டாளமும் கோட்டையும், மேற்கே திருநெல்வேலியில் கோயிலும் கடைத்தெருவும். நடுவில் ஆறு, கடக்கத் தோணி. வெள்ளம் வந்தால் தோணியும் கிடையாது. இரண்டு கரையில் இரண்டு ஊர்கள் இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கும் பாளையங்கோட்டைக்காரர் “டவுனுக்குப் போயிட்டு வாரேன்” என்று வெளியூர் போவது மாதிரிதான் சொல்வார், கவனிச்சுப் பாருங்க.

பாலம் கட்டியவர் சுலோச்சன முதலியார், கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார். கலெக்டருக்கு அடுத்து ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நாற்காலி அது. பாலம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் தடை. கட்டிவிட்டு, கடப்பவர்களிடம் சுங்கம் வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்ததாகவும், ஏழைபாழைகள் காசு கொடுத்துக் கடக்க வேண்டாம் என்று முதலியார் தன் பணத்தையும் மனைவியின் நகைகளையும் கொண்டுவந்து வைத்ததாகவும் நெல்லையில் ஒரு கதை உண்டு. தட்டில் வைத்துக் கொடுத்தார், அது வெள்ளித்தட்டு என்றெல்லாம் சொல்பவருக்குச் சொல்பவர் கூட்டுவார்கள். தட்டை விட்டுவிடலாம். பணம் அவருடையது, பாலம் அவர் பெயரில் நிற்கிறது, இந்த இரண்டிலும் சந்தேகமில்லை. செலவு சுமார் 50,000 ரூபாய் என்று சொல்லப்படுகிறது. கேப்டன் ஹார்ஸ்லி என்ற பொறியாளர் மேற்பார்வையில் பதினோரு வளைவுகளோடு கட்டி 1843இல் திறந்தார்கள். பிறகு வெள்ளத்தில் சேதமாகி, சரிசெய்து, அகலப்படுத்தி, இப்போது பக்கத்திலேயே இணையாக இன்னொரு பாலமும் வந்துவிட்டது. பழைய கல்வளைவுகளைப் பார்க்க வேண்டுமென்றால் பாலத்து மேலே நின்று பயனில்லை. கீழே படித்துறைக்கு இறங்கணும்.

சுங்கம் இல்லாத பாலம் என்பதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் வழி என்பது எல்லோருக்கும் பொது இல்லை. தோணியில் காசு, தெருவில் சாதி. பாலம் வந்ததும் காசுத் தடை போனது. மற்றது போனதா?

பதினைந்து வருஷம்கூடத் தாண்டி, 1858 டிசம்பரில் என்ன நடந்தது என்று பாருங்க. ஒரு கிறிஸ்தவரின் சடலத்தை நெல்லையில் கோயிலை ஒட்டிய பெரிய தெருக்கள் வழியாகக் கொண்டுபோவதற்கு எதிர்ப்பு. கொண்டுபோகலாம் என்று அதிகாரிகள். கூட்டம் திரண்டது, பாளையங்கோட்டையிலிருந்து பட்டாளம் வந்தது, சுட்டார்கள், உயிர்கள் போயின. பட்டாளம் எப்படி அத்தனை சீக்கிரம் வந்தது? பாலம் இருந்ததால்தான். இறந்த மனிதன் ஒருவனுக்கு எந்தத் தெரு என்ற கேள்விக்காக இத்தனையும்.

இப்போ எங்க ஊர் ஜமீனுக்கு வர்றேன். கோவில்பட்டிக்கு மேற்கே இருக்கிற கழுகுமலை எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்டது. அங்கே தேரோடும் வீதிகளில் தங்கள் ஊர்வலங்கள் போக வேண்டும் என்று நாடார்கள் கேட்டார்கள். ஜமீன் மறுத்தது. வழக்கு நீதிமன்றம் வரை போனது, தெரு ஜமீன் பக்கமே நின்றது. அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கத்துக்கு மாறி, தேர் வீதியிலேயே இடம் வாங்கி வழிபாட்டு இடம் அமைத்தார்கள். 1895 பங்குனித் தேரின்போது வீதியில் நீட்டியிருந்த அவர்களுடைய பந்தலில் பிரச்சினை வெடித்தது. பத்துப் பேர் செத்தார்கள். ஜமீனின் கோயில் நிர்வாகியும் அதில் ஒருவர். அப்போது பாரதி நெல்லையில் படித்துக்கொண்டிருந்த பையன். எட்டப்பன் கட்டபொம்மனுக்கு என்ன செய்தான் என்று நூறு பேர் கேட்கிறாங்க. அந்த ஜமீன் தன் தெருவில் யாரை நடக்கவிடவில்லை என்று கேட்கிறவங்க ரொம்பக் கம்மி. எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிசாகத் தெரியுது.

சரி, பாலத்தைக் கடப்போம். இறங்கியதும் இடது பக்கமோ வலது பக்கமோ படித்துறைகள்தான். கைலாசபுரம் பக்கம் ஆற்றங்கரையில் தைப்பூச மண்டபம். தைப்பூசத்துக்குச் சாமி வந்து இறங்கும் கல்மண்டபம், மற்ற நாட்களில் ஊர்ப் பொதுக்கூட்ட மேடை. 1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய இடம். மைக் இல்லாத காலம், மணலில் கூட்டம் உட்கார்ந்திருக்கும். வறண்ட ஆறும் ஒரு வகையில் மைதானம்தான் இல்லையா.

அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் கோரல் ஆலை வேலைநிறுத்தம் முடிந்த சூடு. பிபின் சந்திர பால் விடுதலையைக் கொண்டாடக் கூடாது என்றார்கள், கொண்டாடினார்கள். மார்ச் 12 அன்று கலெக்டர் விஞ்ச் இருவரையும் கைது செய்யவைத்துப் பாளையங்கோட்டைச் சிறைக்கு அனுப்பினார். மறுநாள் நெல்லை எழுந்தது. கடைகள் அடைத்தன, இந்துக் கல்லூரி மாணவர்கள் வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் தாக்கப்பட்டன. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அதன்பிறகு தண்டப் போலீஸைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் செலவையும் ஊர் மக்கள் தலையிலேயே கட்டினார்கள்.

நடக்கிறவன் கண்ணோடு இதைப் பார்த்தால் வேறொன்று தெரியும். தலைவர்கள் கிழக்குக் கரையில் சிறையில், மக்கள் மேற்குக் கரையில் தெருவில். நடுவில் அதே பாலம். ஜங்ஷனிலிருந்து ஈரடுக்குப் பாலம் தாண்டி டவுன் வரை இன்று நாம் நடக்கும் நெடுஞ்சாலையில்தான் அந்தக் கூட்டம் பெருகியிருக்கும். வ.உ.சி. பெயரில் நெல்லையில் மணிமண்டபம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது. செத்த நான்கு பேரின் பெயரைத் தெருவில் கேட்டுப் பாருங்க, யாருக்கும் தெரியாது.

டவுனைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, மற்றவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு ரத வீதிகளையும் ஒரு சுற்று சுற்றி வாங்க. ஆனித் தேரோட்டத்துக்கு வந்தால் நெல்லையப்பர் தேர் எத்தனை பெரிதென்று தெரியும். வடம் பிடிக்க இன்று யாரும் யாரையும் ஊர் கேட்பதில்லை. கழுகுமலைக் கதையை மனதில் வைத்துக்கொண்டு அந்த வடத்தைத் தொட்டுப் பாருங்க. கோயிலுக்குள் மணிமண்டபத்து இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்காதீங்க, ஏற்கெனவே தட்டித் தட்டித் தேய்ந்து கிடக்கின்றன. நேரம் இருந்தால் குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே இருக்கும் முருகன் கோயில். வெள்ளம் வருமுன் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள், மூலவர் தண்ணீருக்குள் நிற்பார். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் அப்படித்தான். அந்த வெள்ளம் ஜங்ஷன், கொக்கிரகுளம் என்று ஊருக்குள்ளும் வந்தது.

வழக்கமாக நடை இங்கே முடியும், எல்லோரும் பஸ் ஏறுவார்கள். நான் ஜங்ஷனில் இறங்கி, மறுபடி பாலத்தை நோக்கித் திரும்பி நடக்கச் சொல்கிறேன். இப்போது மேற்கிலிருந்து கிழக்கே. இது 1999 ஜூலை 23இன் வழி.

முதலில் மலைக்குப் போகணும். பொதிகையை ஒட்டிய மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள். சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டை 1929இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டு குத்தகைக்கு விட்டது. தேயிலை பறிக்க மலையேறியவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்து மக்கள், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தார்கள். அந்த மலையில் பெய்யும் மழைதான் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் சேருகிறது. கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள், பல நூறு பேரைச் சிறையில் போட்டார்கள். அவர்களை விடச் சொல்லியும் கூலியைக் கேட்டும் அன்று ஜங்ஷனிலிருந்து கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம். புதிய தமிழகம் கட்சியின் டாக்டர் கிருஷ்ணசாமியும் த.மா.கா., கம்யூனிஸ்ட் கட்சியினரும் உடன் வந்தார்கள். பெண்கள், கைக்குழந்தைகள் எல்லாம் உண்டு. மனு கொடுக்கப் போகிறவர்கள் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டா போவாங்க?

பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம். நின்று பார்த்தால் இடம் புரியும். ஒரு பக்கம் கலெக்டர் அலுவலகம், மறுபக்கம் ஆறு, நடுவில் சாலை. ஊர்வலத்தை அங்கே மறித்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. முன்னே போக முடியாது, பின்னே கூட்டம். ஜனங்கள் ஆற்றுப் பக்கம் ஓடினார்கள், தண்ணீரில் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று.

நீதிபதி எஸ். மோகன் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். அதன் அறிக்கை போலீஸ் நடவடிக்கையைப் பெருமளவு நியாயப்படுத்தியது, தொழிலாளர்கள் தரப்பு அதை ஏற்கவில்லை. ஆர்.ஆர். சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். கிடைத்தால் பாருங்க, நான் சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லும். மலையில் கதை அதோடு முடியவில்லை. குத்தகைக் காலம் முடிய இன்னும் வருஷங்கள் இருக்கும்போதே 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்ற பெயரில் கணக்கை முடித்தது. நான்கு தலைமுறை வாழ்ந்த லயன் வீடுகளை விட்டு மலையிறங்கச் சொன்னார்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தைத் தவிர வேறு பெயர் சொல்லத் தெரியாதவர்கள் அவர்கள்.

நெல்லையில் ஒரு நண்பரிடம் இந்த வழியைச் சொன்னபோது, “அண்ணாச்சி, வெளியூர்க்காரங்களைக் கூட்டிட்டுப் போய் இதையா காட்டுறது?” என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. சொந்த ஊரைப் பற்றி நல்லதைத்தான் சொல்லத் தோணும். ஆனால் 1908 மார்ச்சைப் பெருமையாகக் காட்டும்போது அவர் இப்படிக் கேட்கவில்லை. அதுவும் போலீஸ் அடித்துச் செத்தவர்கள் கதைதானே. வெள்ளைக்காரன் காலத்துச் சாவை நினைவுச் சின்னத்தில் வைக்கிறோம், நம் காலத்துச் சாவைச் சங்கடத்தில் வைக்கிறோம். முதலியார் காசு வாங்காமல் திறந்துவிட்ட பாலத்தில்தான் 1999 கூட்டம் நடந்தது.

ஒவ்வொரு ஜூலை 23ஆம் தேதியும் கட்சிகளும் அமைப்புகளும் இறந்தவர்களின் உறவினர்களும் கொக்கிரகுளம் கரைக்கு வந்து ஆற்றில் பூ தூவுகிறார்கள். நினைவிடம் வேண்டும் என்ற கோரிக்கையும் ஆண்டுதோறும் எழுகிறது. அன்று போலீஸ் காவல் பலமாக இருக்கும், ஒவ்வோர் அமைப்புக்கும் நேரம் ஒதுக்கித்தான் விடுவார்கள். மற்ற நாட்களில் போனால் துணி துவைப்பவர்களும் குளிக்கிற பையன்களும்தான். படியில் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மேலே சாலைக்கு வந்தால் பாளையங்கோட்டை போகிற டவுன் பஸ் எல்லாம் அங்கே நிற்கும். புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டால், கோவில்பட்டிக்கு நிமிஷத்துக்கு ஒரு வண்டி.